நமீபியா எல்லைப் போர்: முன்னாள் வீரர்களின் நினைவுகள் ஏன் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன?

2025 பிப்ரவரி 8 அன்று நமீபியாவின் முதல் குடியரசுத் தலைவர் சாம் நுஜோமா தமது 95ஆம் வயதில் காலமானார். ஆப்பிரிக்கத் தலைவர்கள் அவரை விடுதலை வீரராகப் போற்றினார்கள். அவர் தலைமை தாங்கிய ஸ்வாப்போ விடுதலை இயக்கத்துக்கு எதிராக 1966 முதல் 1989 வரை நமீபிய எல்லையில் போரிட்ட தென்னாப்பிரிக்க முன்னாள் வீரர்களில் பலருக்கு அவர் ‘பயங்கரவாதத் தலைவர்’ என்றே மனதில் பதிந்திருக்கிறார். அதே படையில் இருந்த இன்னும் சிலர், ‘எங்களை அந்தப் போருக்கு அனுப்பியதே தவறு’ என்கிறார்கள். போர் ஒன்றுதான், நடந்த இடமும் ஒன்றுதான். அப்படியிருக்க நினைவுகள் ஏன் இத்தனை திசையில் போகின்றன?

இவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் அந்தப் போரின் ஒரு துண்டை மட்டும்தான் பார்த்தார்கள். எந்தத் துண்டைப் பார்க்கலாம், பார்த்ததில் எதை வெளியே சொல்லலாம் என்பதை அன்றைய அரசுகளும் சட்டங்களும் முடிவு செய்தன. போர் முடிந்தபின், யாருடைய நினைவுக்கு மரியாதை என்பதையும் அரசுகளே தீர்மானித்தன. இது புரிய முதலில் நிலமும் வரலாறும் தெரிய வேண்டும்.

எந்த எல்லை? எதற்காகப் போர்?

தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய நமீபியா, 1884 முதல் ஜெர்மனியின் காலனி. வடக்கே அங்கோலா போர்ச்சுகலின் கையில் இருந்தது. 1886இல் இந்த இரண்டு ஐரோப்பிய நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டு எல்லையை வகுத்தன. மேற்கே குனெனே ஆறு, கிழக்கே ஒகவாங்கோ ஆறு, நடுவில் வரைபடத்தில் இழுத்த நேர்கோடு. 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கோடு, ஒவம்போ மக்களில் ஒரு பிரிவினரான குவன்யாமாக்களின் நாட்டை இரண்டாக வெட்டியது. அதை ஏற்க மறுத்த அவர்களுடைய அரசர் மந்துமே யா ந்தெமுஃபாயோ, 1917 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கப் படையோடு நடந்த சண்டையில் உயிரிழந்தார். வடக்கு நமீபியாவின் முதியவர்களுக்குப் போரின் கதை 1966இல் தொடங்குவதில்லை. மந்துமேயிடமிருந்துதான் தொடங்குகிறது.

தென்னாப்பிரிக்கா எப்படி உள்ளே வந்தது? முதல் உலகப் போரின்போது, 1915இல், ஜெர்மானியர்களைத் தோற்கடித்து இந்த நிலத்தைப் பிடித்தது. 1920இல் சர்வதேச சங்கம் நிர்வாகப் பொறுப்பை அதனிடமே ஒப்படைத்தது. பொறுப்புதான், சொந்தம் இல்லை. ஆனால் தென்னாப்பிரிக்கா அதைத் தன் ஐந்தாவது மாகாணம் போலவே நடத்தி, நிறவெறிச் சட்டங்களையும் அங்கே கொண்டுபோனது. ஒவம்போ ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தெற்கே சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் போனார்கள். அந்தத் தொழிலாளர்களின் குறைகளிலிருந்து எழுந்ததுதான் 1960இல் உருவான ஸ்வாப்போ இயக்கம்.

1966இல் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன.

1. ஜூலையில், எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கைச் சர்வதேச நீதிமன்றம், அவற்றுக்கு வழக்காடும் உரிமை இல்லை என்று சொல்லித் தள்ளியது. சட்ட வழி மூடிவிட்டது, இனி ஆயுதம்தான் என்று ஸ்வாப்போ அறிவித்தது.
2. ஆகஸ்ட் 26 அன்று ஒமுகுலுக்வொம்பாஷே என்ற இடத்தில் இருந்த ஸ்வாப்போ முகாமைத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் ஹெலிகாப்டர்களில் வந்து தாக்கியது. போரின் முதல் மோதல் இது. நமீபியாவில் இந்த நாள்தான் மாவீரர் நாள்.
3. அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தென்னாப்பிரிக்காவின் நிர்வாகப் பொறுப்பை ரத்து செய்தது. 1971இல் அதே சர்வதேச நீதிமன்றமும், அங்கே தென்னாப்பிரிக்கா இருப்பது சட்டவிரோதம் என்று கருத்துரை தந்தது.

அதாவது, அங்கே அனுப்பப்பட்ட ஒவ்வொரு சிப்பாயும் சர்வதேசச் சட்டத்தின்படி தன் நாட்டுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் நின்றிருந்தான். ‘நாட்டின் எல்லையைக் காக்கப் போகிறாய்’ என்றுதான் அவனிடம் சொல்லப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் உண்மையான எல்லையோ அங்கிருந்து பல நூறு மைல் தெற்கே, ஆரஞ்சு ஆற்றில் இருந்தது.

யார் எந்தப் பக்கம்?

முன்னாள் வீரர்கள் எழுதுவதைப் படிக்கும்போது குழப்பம் தருவது பெயர்கள்தான். அதனால் சுருக்கமாக:

1. பிளான்: ஸ்வாப்போவின் ஆயுதப் படை, நமீபிய மக்கள் விடுதலை ராணுவம். சாம்பியாவிலும் பிறகு அங்கோலாவிலும் தளங்கள் வைத்திருந்தது.
2. எம்.பி.எல்.ஏ.: 1975 நவம்பர் 11 அன்று அங்கோலா விடுதலை பெற்றபோது ஆட்சியைப் பிடித்த இயக்கம். சோவியத் ஆயுதமும் கியூபப் படையும் அதற்குத் துணை.
3. யுனிட்டா: ஜோனாஸ் சவிம்பி தலைமையில் எம்.பி.எல்.ஏ.வை எதிர்த்த இயக்கம். தென்னாப்பிரிக்காவும் அமெரிக்காவும் உதவின.
4. தென்மேற்கு ஆப்பிரிக்கப் பிராந்தியப் படை: 1980இல் தென்னாப்பிரிக்கா நமீபியர்களைக் கொண்டே அமைத்த படை. ஒவம்போ வீரர்களின் 101ஆவது பட்டாலியன் இதில்தான் வரும்.
5. கூஃபுட்: ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் கடப்பாரை என்று பொருள். 1979இல் தொடங்கிய போலீஸ் வேட்டைப் பிரிவு. சுமார் 3,000 பேர் கொண்ட இதில் பெரும்பான்மையோர் ஒவம்போ மக்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள்.
6. 32ஆவது பட்டாலியன்: அங்கோலா உள்நாட்டுச் சண்டையில் தோற்ற ஒரு கட்சியின் வீரர்களைத் திரட்டி, வெள்ளை அதிகாரிகளின் கீழ் 1975இல் அமைத்த படை. போர்ச்சுகீசிய மொழி பேசும் கறுப்பின அங்கோலர்கள் தென்னாப்பிரிக்காவுக்காகச் சண்டை போட்டார்கள்.

இந்தப் பட்டியலே ஒரு செய்தியைச் சொல்கிறது. இதை வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் மறுபக்கம் என்று நின்ற போராகச் சுருக்க முடியாது. வடக்கே ஒரே வீட்டில் அண்ணன் பிளானிலும் தம்பி 101இலும் இருந்ததுண்டு.

நிலம் எப்படிப் போரிட்டது?

எந்த முன்னாள் வீரரைக் கேட்டாலும் முதலில் பேசுவது மணலைப் பற்றித்தான். ஒவம்போ மக்கள் வாழும் வடக்குப் பகுதியான ஒவம்போலாந்து முழுக்கத் தட்டையான மணல் பூமி. மொபானே மரங்கள், முள்புதர், அங்கங்கே மகலானி பனைகள். குன்று கிடையாது, தொலைவில் அடையாளத்துக்கு எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் அங்கோலாப் பக்கமிருந்து வரும் வெள்ளம் ஒஷானா எனப்படும் ஆழமில்லாத நீர்ப்பரப்புகளை நிரப்பும். வறண்ட மாதங்களில் அவை வெடித்துக் கிடக்கும். மக்களின் முக்கியப் பயிர் மஹாங்கு, நம் ஊர்க் கம்பேதான்.

போரின் நாட்காட்டியை மழைதான் எழுதியது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், புதர் இலைவிட்டு மறைவு தரும், பெய்யும் மழை காலடித் தடத்தை அழிக்கும். ஆகவே பிளான் குழுக்கள் மழைக்காலத்தில் எல்லையைத் தாண்டி வந்தன. தரை காய்ந்தபின் தென்னாப்பிரிக்கா பெரிய படையெடுப்புகளை அங்கோலாவுக்குள் நடத்தியது, 1981 ஆகஸ்டின் ‘புரோட்டியா’ போல. ஒரு நினைவுக்குறிப்பில் சண்டை எந்த மாதத்தில் நடந்தது என்று பார்த்தாலே, யார் யாரைத் தேடிப்போனார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மணல் தடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் போரின் மையமே அதுதான். எல்லையோரம் மரங்களை வெட்டி ஒரு திறந்த பட்டையை உண்டாக்கியிருந்தார்கள். வீரர்கள் அதைக் ‘காப்லைன்’ என்றார்கள். இரவில் யாராவது அதைக் கடந்தால் காலையில் காலடி தெரியும். அங்கிருந்து வேட்டை தொடங்கும். கூஃபுட்டின் தடம் பார்ப்பவர்கள் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே தடத்தைப் படிப்பார்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள், யார் மூட்டை சுமக்கிறார், யாருக்குக் களைப்பு என்றெல்லாம் சொல்வார்கள். பின்னால் காஸ்பிர் கவச வண்டிகள் புதரை மிதித்துக்கொண்டு வரும். களைத்தவர் வண்டியில் ஏற, அடுத்தவர் இறங்கி ஓடுவார். பிளான் போராளிகள் பின்புறமாக நடந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், ஆட்டுமந்தை போன வழியில் போனார்கள், குழுவாக வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். இரு தரப்பு முன்னாள் வீரர்களும் ஒருவரையொருவர் மதித்துப் பேசும் இடம் ஒன்று உண்டென்றால், அது இந்தத் தடக்கலைதான்.

அடுத்தது கண்ணிவெடி. தார் போடாத சாலைகளில் பிளான் வண்டிக் கண்ணிகளைப் புதைத்தது. அதற்கு மறுமொழியாகத் தென்னாப்பிரிக்கா, வெடியின் வீச்சு இரு பக்கமும் சிதறிப்போகும்படி அடிப்பாகம் ‘வி’ வடிவில் சரிந்த வண்டிகளைச் செய்தது. பஃபலும் காஸ்பிரும் அப்படி வந்தவை. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். அதே சாலையில் கழுதை வண்டியிலோ பழைய லாரியிலோ போன கிராமத்தாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

யார் அந்த வெள்ளைச் சிப்பாய்?

இன்று ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் கிடைக்கும் நினைவுக்குறிப்புகளில் பெரும்பங்கு இவருடையது. அதனால் இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1967 வரை சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். அதன்பின் உடல் தகுதியுள்ள வெள்ளை ஆண்கள் எல்லோருக்கும் ராணுவ சேவை கட்டாயம். முதலில் 9 மாதம், 1972இல் 12 மாதம், 1977இல் 24 மாதம். அதோடு முடியாது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு ‘கேம்ப்’ என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். 1982 சட்டத்தில் இது 12 ஆண்டுகளில் 720 நாள் வரை போனது. மறுத்தால் சிறை, 1980களில் அதிகபட்சம் 6 ஆண்டு. 1988இல் டேவிட் புரூஸ் என்ற இளைஞருக்கு அந்த முழுத் தண்டனையும் கிடைத்தது. கட்டாயச் சேவையை எதிர்த்து 1983இல் உருவான இயக்கத்தை 1988இல் அரசு முடக்கியது.

கறுப்பினத்தவர், இந்தியர், கலப்பினத்தவர் ஆகியோருக்குக் கட்டாயச் சேவை இல்லை. நேட்டால் தமிழர்கள் உட்பட இந்திய வம்சாவளியினரில் விரும்பியவர்களைக் கடற்படை டர்பனின் சாலிஸ்பரி தீவில் பயிற்றுவித்தது. 1984இல் இந்தியர்களுக்கும் கலப்பினத்தவர்களுக்கும் தனித்தனி நாடாளுமன்ற அவை கொடுத்தபோது, ‘ஓட்டுக்குப் பின்னாலேயே துப்பாக்கியும் வரும்’ என்ற அச்சம் டர்பனில் பரவலாக இருந்தது. அந்தத் தேர்தலைப் பெரும்பாலோர் புறக்கணித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, 18 வயதில் பள்ளி முடித்து நேராகப் போன இந்த இளைஞனின் நினைவு எப்படிப்பட்டது? நான்கு விஷயங்கள் அதை வடிவமைத்தன.

1. ரகசியம். ராணுவ நடமாட்டத்தை அமைச்சர் அனுமதியின்றி வெளியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 118ஆவது பிரிவு தடை விதித்தது. 1975இல் தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் வெகுதூரம் போனபோது அரசு அதை மறுத்துக்கொண்டிருந்தது. வீரர்களின் அடையாளத் தகடுகளைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிடிபட்ட சிலரை அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் செய்தியாளர்கள் முன் நிறுத்தியபின்தான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது. மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே தெரியாமல் பெற்றோர் இருந்தார்கள். திரும்பி வந்தவனும் சொல்லக் கூடாது. பேசப்படாத நினைவு சக வீரர்களோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுவதும் இல்லை. 30 ஆண்டு கழித்து எழுதும்போது இடமும் தேதியும் தடுமாறுவதற்கு இது முக்கியக் காரணம்.

2. சலிப்பு. சண்டையைப் பார்த்தவர்கள் சிலரே. பெரும்பாலோரின் நாள்கள் காவல் நின்றும், மண் மூட்டை அடுக்கியும், சாலையில் கண்ணி தேடி நடந்தும் கழிந்தன. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எண்ணுவதே பொழுதுபோக்கு. இறந்தவர்களில் மிகப் பலர் எதிரியின் குண்டுக்கு இரையானவர்கள் அல்ல. வண்டி கவிழ்ந்தும், துப்பாக்கி தவறி வெடித்தும், நோயிலும், தற்கொலையிலும் போனவர்கள். குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் எல்லா நேரமும் சொல்லப்படவில்லை.

3. தோழமை. நினைவுக்குறிப்புகளில் அன்பு ததும்பும் பகுதி இதுதான். டப்பா உணவைப் பகிர்ந்தது, காதலி பிரிந்துபோய் எழுதிய கடிதத்தை எல்லோரும் சேர்ந்து படித்தது, மழையில் ஒரே தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்திருந்தது. இதை உண்மையென்று நம்பலாம். இதை வைத்துப் போர் நியாயமானது என்ற முடிவுக்கு மட்டும் போக முடியாது. வாசகர் அடிக்கடி வழுக்கும் இடம் இது.

4. திடீர்த் திரும்பல். காலையில் வடக்கு நமீபியாவின் ஒண்டாங்வாவிலோ குரூட்ஃபொன்டைனிலோ போக்குவரத்து விமானம் ஏறினால் அன்றே தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியா. அடுத்த வாரம் வங்கி வேலை அல்லது கல்லூரி. மனநல உதவி என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சியை ஒரு நோயாக அமெரிக்க மனநல வகைப்பாடு ஏற்றதே 1980இல்தான். ராணுவத்தில் அதற்கு ‘பொஸ்ஸிஸ்’ என்று பெயர். காட்டில் கிடந்து புத்தி பேதலித்தவன் என்று பொருள். அப்படிப் பெயர் வாங்க யாருக்கு மனம் வரும்? வாயை மூடிக்கொண்டு குடித்தவர்கள் அநேகம்.

எழுதாத வீரர்கள்

தென்னாப்பிரிக்காவுக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களின் நினைவுக்குறிப்புகள் மிகக் குறைவு. அவர்கள் ஏன் சேர்ந்தார்கள்? பலருக்குப் பதில், சம்பளம். வேலையே இல்லாத வடக்கில் 101ஆவது பட்டாலியனும் கூஃபுட்டும் கொடுத்த பணம் பெரிது. கூஃபுட்டில் கொன்ற ஒவ்வொருவருக்கும் வெகுமதியும் உண்டு. அதன் விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. கொல்லப்பட்டவர்களின் உடலைக் காஸ்பிரின் பக்கத்தில் கட்டிக்கொண்டு கிராமங்கள் வழியே போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சான் மக்களின் நிலை இன்னும் துயரமானது. தடம் பார்ப்பதில் ஈடற்றவர்கள் என்பதால் அவர்களுக்கென ஒரு பட்டாலியனே அமைத்து, நமீபியாவின் வடகிழக்கில் குறுகலாக நீளும் கப்ரிவிப் பட்டையில் ஒமேகா என்ற முகாமில் குடும்பத்தோடு குடியேற்றினார்கள். 1990இல் நமீபியா விடுதலையானபோது, பழிவாங்கப்படுவோமோ என்ற பயத்தில் சுமார் 4,000 பேர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். கிம்பர்லிக்கு அருகே ஷ்மிட்ஸ்ட்ரிஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது கூடாரம். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூடாரங்களிலேயே இருந்தார்கள்.

32ஆவது பட்டாலியன் 1993இல் கலைக்கப்பட்டது. அங்கோலாவுக்குத் திரும்ப முடியாத அந்த வீரர்கள் பாம்ஃப்ரெட் என்ற பழைய கல்நார்ச் சுரங்க ஊரில் விடப்பட்டார்கள். துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள் கூலிப்படைகளில் சேர்ந்தார்கள். 2004 மார்ச்சில், ஈக்குவட்டோரியல் கினியாவில் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் போகும் வழியில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் ஒரு விமானம் நிறைய ஆட்கள் பிடிபட்டார்களே, அவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள்.

பிளான் வீரர்களின் நினைவுக்கும் ஒரு பூட்டு உண்டு. விடுதலைப் போராளிகளாக அவர்கள் கதை அரசு விழாக்களில் ஒலிக்கிறது. ஆனால் 1980களில், ஊடுருவிய உளவாளிகளைத் தேடுகிறோம் என்று ஸ்வாப்போவின் பாதுகாப்புப் பிரிவு தன் சொந்தப் போராளிகளையே நூற்றுக்கணக்கில் பிடித்து, தெற்கு அங்கோலாவின் லுபாங்கோவில் நிலத்தடிக் குழிகளில் அடைத்துச் சித்திரவதை செய்தது. 1989 ஜூலையில் 150க்கு மேற்பட்டோர் உயிரோடு திரும்பி, உடம்பிலிருந்த தழும்புகளைச் செய்தியாளர்களிடம் காட்டினார்கள். பலர் திரும்பவே இல்லை. மௌனச் சுவரை உடைப்போம் என்று 1996இல் அவர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். தங்கள் மீதான களங்கத்தை ஸ்வாப்போ துடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. நமீபியாவில் உண்மை ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

அப்புறம் ஊர் மக்கள். சூரியன் மறைந்ததிலிருந்து விடியும்வரை ஊரடங்கு. பிரசவ வலி வந்தாலும் வெளியே போனால் சுடப்படலாம். கவச வண்டிகள் மஹாங்கு வயலை மிதித்துக்கொண்டு போகும். இரவில் வந்த போராளிக்குச் சோறு போட்டால் காலையில் ராணுவம் அடிக்கும். ராணுவத்திடம் வாய் திறந்தால் இரவில் மறுபக்கம் தண்டிக்கும். படைவீரரின் நினைவுக்குறிப்பில் இவர்கள் ‘உள்ளூர் ஆட்கள்’ என்று ஒரு வரியில் கடந்துபோவார்கள். போரை 23 ஆண்டும் விடாமல் பார்த்தவர்கள் இவர்கள் மட்டும்தான். சிப்பாய் இரண்டு ஆண்டில் வீட்டுக்குப் போய்விடுவான்.

நினைவுகள் நேருக்கு நேர் மோதும் மூன்று இடங்கள்

1. கசிங்கா, 1978 மே 4. எல்லையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் உள்ளே, அங்கோலாவில் இருந்த ஸ்வாப்போ முகாமைத் தென்னாப்பிரிக்க விமானங்கள் குண்டுவீசித் தாக்கின, பிறகு பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பாராசூட் படையின் முன்னாள் வீரர்களுக்கு அது துணிச்சலான ராணுவத் தாக்குதல். பதுங்கு குழிகளும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் இருந்ததை அவர்கள் சுட்டுகிறார்கள். நமீபியர்களுக்கு அது அகதிகள் படுகொலை. பெண்களும் குழந்தைகளும் கிடந்த திறந்த புதைகுழியின் படத்தை அவர்கள் காட்டுகிறார்கள். அங்கே போராளிகளும் இருந்தார்கள், குடும்பங்களும் இருந்தன. இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையை முன்னால் வைத்தால், துணிச்சல் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நாளைச் சொல்லி முடிக்க முடியாது என்பது என் கருத்து. மே 4 நமீபியாவில் அரசு விடுமுறை.

2. குய்டோ குவானவாலே, 1987–88. தென்கிழக்கு அங்கோலாவில் யுனிட்டாவை ஒழிக்க அங்கோலப் படை முன்னேறியது. 1987 அக்டோபர் 3 அன்று லொம்பா ஆற்றங்கரையில் அதன் 47ஆவது படையணியைத் தென்னாப்பிரிக்கர்கள் சிதைத்தார்கள். பிறகு பின்வாங்கியவர்களைத் துரத்திக்கொண்டு குய்டோ குவானவாலே வரை போனார்கள். அங்கே, ஆற்றின் கிழக்குக் கரையில் தும்போ என்ற இடத்தில் கண்ணிவெடிகளுக்கு நடுவே அவர்களுடைய தாக்குதல்கள் நின்றுபோயின. கடைசித் தாக்குதல் 1988 மார்ச் 23. ‘ஊரைப் பிடிப்பது எங்கள் நோக்கமே இல்லை, வந்த வேலையை லொம்பாவிலேயே முடித்துவிட்டோம்’ என்று தென்னாப்பிரிக்க வீரர்கள் சொல்கிறார்கள். ‘நிறவெறி ராணுவம் முதல்முறை தடுத்து நிறுத்தப்பட்ட இடம்’ என்று கியூபர்களும் அங்கோலர்களும் சொல்கிறார்கள். களத்தில் லொம்பா தென்னாப்பிரிக்காவுக்கு, தும்போ எதிரணிக்கு. அரசியலில் என்ன ஆனது என்பதில் இவ்வளவு சிக்கல் இல்லை. 1988 ஜூன் 27 அன்று தெற்கு அங்கோலாவின் காலுவெக் அணையில் மிக் போர் விமானத் தாக்குதலில் 11 தென்னாப்பிரிக்க வீரர்கள் இறந்தார்கள். வெள்ளை வாக்காளர்கள் இத்தகைய இழப்பைத் தாங்கத் தயாராக இல்லை. டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கியூபர்கள் அங்கோலாவை விட்டும், தென்னாப்பிரிக்கா நமீபியாவை விட்டும் போக வேண்டும். மார்ச் 23 இன்று தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு அறிவித்த விடுதலை நாள்.

3. 1989 ஏப்ரல் 1. போர்நிறுத்தம் தொடங்கும் நாள். ஐ.நா. அமைதிப்படை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதன் ராணுவத் தளபதி இந்தியரான லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். அன்று நூற்றுக்கணக்கான பிளான் வீரர்கள் எல்லையைத் தாண்டி வந்தார்கள். ஐ.நா.விடம் ஆயுதத்தை ஒப்படைத்துத் தாய்மண்ணில் முகாமிட வந்தோம் என்பது அவர்கள் நினைவு. உடன்பாட்டை மீறி ஊடுருவினார்கள் என்பது கூஃபுட், 101ஆவது பட்டாலியன் ஆகியவற்றின் வீரர்களின் நினைவு. ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி மார்ட்டி அதிசாரி, முகாமுக்குள் அடங்கியிருந்த தென்னாப்பிரிக்கப் படைகளை வெளியே விட ஒப்புக்கொண்டார். ஒன்பது நாளில் 300க்கு மேற்பட்ட பிளான் வீரர்கள் இறந்தார்கள். போரின் மிகக் கொடூரமான நாட்களில் அவையும் அடங்கும். 2005இல் எயென்ஹானா அருகே கட்டட வேலைக்குத் தோண்டியபோது புதைகுழிகள் வெளிப்பட்டன.

ஒரு நினைவுக்குறிப்பை எப்படிப் படிப்பது?

1. ஆண்டு என்ன? 1974 வரை எல்லையில் இருந்தது போலீஸ், அதன்பின்தான் ராணுவம். 1970இன் அனுபவமும் 1987இன் பீரங்கிப் போரும் இரண்டு வேறு போர்கள்.
2. எந்த இடம்? கப்ரிவியில் இருந்தவர் பல மாதம் ஒரு குண்டுச் சத்தமும் கேட்காமல் திரும்பியிருக்கலாம். எயென்ஹானாவில் இருந்தவருக்கு அப்படியில்லை.
3. என்ன வேலை? சமையற்காரர், எழுத்தர், ஓட்டுநர் ஆகியோர் எண்ணிக்கையில் அதிகம். பிற்காலத்தில் எல்லோரும் சண்டைக்காரர் ஆகிவிடுகிறார்கள்.
4. கண்ணால் பார்த்ததா, காரணம் சொல்கிறாரா? தாகம், பயம், புழுதி, நண்பனின் மரணம் பற்றி அவர் சொல்வதைத் தயங்காமல் நம்பலாம். ‘நாங்கள் கம்யூனிசத்தைத் தடுத்தோம்’ என்பது அன்று வகுப்பறையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதைச் சான்றாக எடுக்க முடியாது. ‘நாங்கள் எல்லோரும் ஒரே மனதாக நின்றோம்’ என்று விடுதலைத் தரப்பில் சொல்வதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும், லுபாங்கோவை நினைவில் வைத்துக்கொண்டு.

நினைவு சட்டமாகும்போது

1989 நவம்பர் தேர்தலில் ஸ்வாப்போ 72 இடங்களில் 41ஐ வென்றது. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றது. தென்னாப்பிரிக்காவில் கட்டாயச் சேவை 1993இல் முடிந்து, அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. எந்த அரசுக்காக அந்த இளைஞர்கள் போனார்களோ அந்த அரசே இல்லை. 1997 ஜூலை 23 அன்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கட்டாயச் சேவை பற்றித் தனி விசாரணை நடத்தியபோது பேச முன்வந்தவர்கள் சிலரே. பேசினால் குற்றவாளி ஆகிவிடுவோம் என்ற பயமும், பேசினால் துரோகி என்பார்கள் என்ற பயமும் சேர்ந்து தடுத்தன.

பிரிட்டோரியாவில் புதிய அரசு கட்டிய சுதந்திரப் பூங்காவின் பெயர்ச்சுவரில் அங்கோலாவில் இறந்த கியூபர்களின் பெயர்கள் உண்டு, தென்னாப்பிரிக்கப் பாதுகாப்புப் படையினரின் பெயர்கள் இல்லை. 2007இல் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2009இல், எதிர்க் குன்றில் வெள்ளைக் குடியேறிகளைப் போற்றும் ஃபூர்ட்ரெக்கர் நினைவகத்தில் அவர்களுக்கென்று வேறொரு சுவர் எழுந்தது. இறந்தவர்களில் பலர் கட்டாயத்தால் போன 19 வயதுப் பையன்கள். அவர்களுடைய தாய்மாருக்கு ஒரு சுவர் வேண்டியிருந்தது நியாயம்தான். அந்தப் பையன்கள் எதற்குப் பயன்படுத்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லும் பொறுப்பு சுதந்திரப் பூங்காவுக்கு இருந்ததும் நியாயம்தான்.

வயிற்றுப்பாட்டைத் தொடுவது உதவித்தொகைச் சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2011 முன்னாள் படைவீரர் சட்டம், 1960 முதல் 1994 வரை எந்தத் தரப்பில் போரிட்ட குடிமகனையும் முன்னாள் படைவீரர் என்றே வரையறுக்கிறது. நமீபியாவின் 2008 சட்டம் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றவர்களை மட்டும் ஏற்கிறது. ஆகவே 101இலும் கூஃபுட்டிலும் இருந்த ஒவம்போ முதியவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்தும் போராடியும் வருகிறார்கள். எங்களைச் சேர்த்தது தென்னாப்பிரிக்கா, ஆனால் நாங்கள் நமீபியர்கள், எங்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். கூஃபுட்டால் மகனை இழந்த வீடுகளும் அதே கிராமங்களில் இருக்கின்றன. அந்த உதவித்தொகை கொடுக்கப்பட்டால் அவர்களிடம் என்ன விளக்கம் சொல்வது என்பதற்கு விண்ட்ஹூக்கிலுள்ள நமீபிய அரசிடம் இதுவரை பதில் இல்லை, பிரிட்டோரியாவும் பொறுப்பேற்க முன்வரவில்லை.